அடைக்கோழியின் ஈரல்

எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வருவார், வாசலில் செருப்பைக் கழற்றுவார், நாற்காலியை இழுத்துப் போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காபியைக் கையில் கொடுத்தால் குடித்துக்கொண்டே நடப்பார். கூடத்திலிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து பின்வாசலுக்கு. பேச்சும் கூடவே நடக்கும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமென்றால் நாமும் பின்னாலேயே போக வேண்டும்.

"ஏனுங் டாக்டரம்மா, எங்க ஊட்டு நாற்காலி மேல ஏதாச்சும் கோவமுங்ளா?" என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"எனக்கு உக்காந்தாத்தான் கஷ்டம், கேட்டேளா. நின்னா ஒண்ணும் தெரியறதில்லை" என்றார். சொல்லிவிட்டு டம்ளரோடு பின்வாசலுக்குப் போய்விட்டார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என் பேர் எதுக்கு இப்போ? ஈரலைப் பத்திச் சொல்லுங்கோ" என்பார். பாலக்காட்டுக் கோவில் தெருவில் பிறந்தவர், ஆராய்ச்சி நிலையத்தில் கோழிகளின் மரபணு பார்ப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். இவ்வளவு போதும். இப்போது வடக்கே எங்கோ மாற்றிவிட்டார்கள். எப்போதாவது போன் வரும். பேசும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்கும். அங்கேயும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்.

முதலமடையில் எங்களுக்கு மாந்தோப்பு. மாங்காயை நம்பினால் வருஷத்தில் பாதி நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோப்பின் ஓரத்தில் முட்டைக் கோழி ஷெட் போட்டோம். வெள்ளைக் கோழிகள், கூண்டு வரிசைகள். முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அடுத்த வெயிலில் சாவு தொடங்கியது. நோய் என்றால் மூக்கு ஒழுகும், கழியும், தீவனம் இறங்காது. இது அப்படி இல்லை. காலையில் கொக்கரித்துக்கொண்டு நின்ற கோழி மத்தியானம் கூண்டில் சாய்ந்து கிடக்கும். கொண்டை சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருக்கும். அதிலும் வத்தல் தொத்தல் எதுவும் சாகாது. உருண்டு திரண்டு, நாள் தவறாமல் முட்டை போடுகிற கோழியாகப் பார்த்துத்தான் போகும்.

வெக்கை என்றார் வீட்டுக்காரர். தண்ணீர் சரியில்லை என்றார் தீவனக்காரர். கண்ணு பட்டுப்போச்சு என்றார்கள் அக்கம்பக்கத்தில். நான் எல்லாவற்றையும் நம்பினேன். சாக்கை நனைத்துக் கட்டினேன், தொட்டியைக் கழுவினேன், ஷெட் வாசலில் பூசணிக்காயும் தொங்கவிட்டேன். கோழிகள் பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் யாரோ சொல்லி அவர் வந்தார். வந்தவர் பூசணிக்காயை ஒரு தரம் பார்த்தார். அன்றைக்குச் செத்த கோழியைக் கேட்டு வாங்கித் துவைக்கிற கல்லில் போட்டார். பையிலிருந்து கத்தியும் கத்தரிக்கோலும் வந்தன. வயிற்றைத் திறந்ததும் உறைந்த ரத்தம் ஒரு கட்டியாக வெளியே வந்தது. அதற்குக் கீழே ஈரல். ஈரல் என்றால் சிவப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது மஞ்சளாக இருந்தது.

"தொட்டுப் பாருங்கோ" என்றார்.

தொட்டேன். விரல் உள்ளே போய்விட்டது.

"நெய் கூடிப்போன மைசூர்பாகு மாதிரி உதிர்றதா? அத்தனையும் கொழுப்பாக்கும். கோழி சித்தெ சிறகடிச்சாப் போதும், இது கிழிஞ்சுடும். உள்ளேயே ரத்தம் கொட்டிடும்." சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கீழே கத்தரித்து ஒரு முட்டையை எடுத்தார். ஓடெல்லாம் கட்டி முழுசாக இருந்தது. கல்லில் தட்டினால் டக்கென்று கேட்கும். "நாளைக்குப் போட வேண்டியது. செஞ்சு முடிச்சுட்டுத்தான் செத்திருக்கு" என்று என் கையில் வைத்தார்.

அதில் இன்னும் சூடு இருந்தது. விற்கிற தட்டில் அதை வைக்க மனசு வரவில்லை. மாமரத்தடியில் குழி தோண்டிப் போட்டேன்.

"அப்பத் தீவனந்தானுங்ளே காரணம்? கொழுப்பு சேர்றதுன்னா?" என்றார் என் வீட்டுக்காரர், கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

"அது பாதிதான்" என்றார் அவர்.

இந்த "அது பாதிதான்" என்பதை அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. வெக்கை என்றால் அது பாதிதான். மக்காச்சோளம் என்றால் அதுவும் பாதிதான். மாமரம் காய்க்காததற்கு நான் ஒரு காரணம் சொன்னேன், அதுவும் பாதியாயிற்று. எங்கள் அண்ணன் மகள் கல்யாணத்தில் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதற்கும் வாய் வரை வந்ததை நான் பார்த்தேன். அந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்காரவில்லை. இலை போட்டு வாங்க வாங்க என்று கூப்பிட்டால், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரச வாளியை வாங்கி விளம்பப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் அவரைச் சமையல்காரர் கூட வந்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மீதிப் பாதி என்ன என்று நான் ஒரு நாள் மல்லுக்கு நின்றேன். ஷெட்டுக்குள் நடந்துகொண்டே சொன்னார். முட்டையின் மஞ்சள் கரு, முட்டை உருவாகிற இடத்தில் உண்டாவதில்லையாம். அதற்கு வேண்டிய கொழுப்பு முழுக்க ஈரலில்தான் தயாராகிறதாம். கோழி பருவத்துக்கு வந்ததும் சூலகத்திலிருந்து ஒரு சுரப்பு ரத்தத்தில் கலந்து ஈரலுக்குப் போகும். போய் அங்கே தூங்கிக்கொண்டிருக்கிற மரபணுக்களை எழுப்பும்.

"கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரின்னு வெச்சுக்கோங்கோ. சமைக்கச் சொல்ற ஜீன் வேற, விளம்பச் சொல்ற ஜீன் வேற. ரெண்டும் ஒத்துப்போனா பந்தி நன்னா நடக்கும். உங்க கோழிக்குச் சமைக்கற ஜோலி நிக்கவே மாட்டேங்கறது. விளம்ப ஆள் போறல்லை. செஞ்சதெல்லாம் அங்கேயே தங்கிடறது."

"அப்ப எல்லாக் கோழியும் சாகோணுமல்லங்? ஒரே தீவனம், ஒரே வெயிலு. பக்கத்துக் கூண்டுல நிக்கறது அத்தனை முட்டை போட்டுட்டுச் சும்மாத்தான நிக்குது?"

அவர் நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதாக்கும் மீதிப் பாதி. அதைத்தான் நான் தேடறேன்."

முகமே மாறிவிட்டது. ஆறு மாதம் தேடிய நகையைப் பற்றி யாராவது துப்பு கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

வேடிக்கை என்னவென்றால் வாழ்நாள் பூராவும் முட்டையோடு மாரடித்தவர் ஒரு முட்டைகூடத் தின்றதில்லை. வாசனையே ஆகாது. எங்கள் அடுக்களையில் ஆம்லெட் போட்டால் பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு ஓடிவிடுவார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவருடைய அம்மா வாசலிலேயே வாளித் தண்ணீர் வைத்திருப்பாராம். குளித்துவிட்டுத்தான் உள்ளே. "அம்மாவுக்கு நான் ஆபீஸ்ல ஏதோ கணக்கு எழுதறேன்னுதான் நினைப்பு. ஆனா தண்ணி மட்டும் மறக்காம வெச்சுடுவா" என்று சிரிப்பார்.

சிரிப்பார்தான். ஆனால் எனக்கு அவரைக் கண்டு பயமும் உண்டு. ஷெட்டில் முதல் வரிசையில் ஒரு கோழி. கையை நீட்டினால் தலையைச் சாய்த்துக் கொடுக்கும், சேலை முந்தானையைக் கொத்தி இழுக்கும். விற்கிற கோழியிடம் பாசம் வைக்கக் கூடாதென்று தெரிந்தும் அதனிடம் எனக்கு ஒட்டுதல் வந்துவிட்டது. ஒரு நாள் காலை அவர் வந்து, வரிசையாக ஒவ்வொரு கோழிக்கும் அடிவயிற்று எலும்புக்கு நடுவே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். நல்ல முட்டைக்கோழி என்றால் அங்கே விரல்கள் தாராளமாக நுழையும். என் கோழியிடம் நின்றார். "இது வேணும். நன்னா போடறது, நன்னா இருக்கறது, இதோட ஈரலைப் பாக்கணும்" என்றார். நான் வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. ஈரல் துண்டு, கூடவே கொண்டுவரும் இரும்புக் குடுவைக்குள் போயிற்று. உள்ளே திரவ நைட்ரஜன். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். உயிர் போன கையோடு அதில் போட்டால்தான் எந்த ஜீன் வேலை செய்துகொண்டிருந்தது என்பது அப்படியே உறைந்து நிற்குமாம். நேரமானால் அழிந்துவிடுமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. "கொன்னு போட்டுக் கத்துக்கற படிப்பு எதுக்குங்?" என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவர் கத்தியைக் கழுவினார். "கொல்லாமக் கத்துக்க ஒரு வழி சொல்லுங்கோ. உங்க கால்ல விழறேன்" என்றார். கேலியில்லை. உண்மையாகத்தான் கேட்டார். அதற்காக என் கோபம் குறையவில்லை.

பத்து நாள் இந்தப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் வெயிலில் தீவனக்காரரையும் இழுத்துக்கொண்டு வந்தார். மக்காச்சோளத்தைக் குறை, இந்தச் சத்துப் பொடியைச் சேர், மத்தியான வெக்கையில் தீவனம் போடாதே என்று நின்றபடி உத்தரவு போட்டார். சாவு பாதிக்குமேல் குறைந்தது. நிற்கவில்லை. நிற்காது என்று அவரே சொல்லிவிட்டார். "பொடி போட்டு விளம்பறதுக்கு ஆள் கூட்டியாச்சு. சமைக்கறதை நிறுத்தணுமே. உங்க கோழிக்கு நிறுத்தத் தெரியலை."

"எந்தக் கோழிக்குத் தெரியுமாம்?" என்றேன் வெடுக்கென்று.

"அடை உக்கார்ற கோழிக்கு."

நாட்டுக்கோழி ஒரு ஈடு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் அவயம் என்போம். அது உட்கார்ந்ததும் சூலகம் சுருங்கி, ஈரலுக்குப் போகும் உத்தரவு நின்றுபோகும். கொழுப்பு வடிந்து ஈரல் மறுபடி சிவப்பாகிவிடும். ஷெட் கோழிக்கு அடை உட்காருகிற குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும் அல்லவா? உட்காராததையே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து வளர்த்தார்கள். உட்காருவதோடு சேர்ந்து அந்த நிறுத்துகிற வித்தையும் போய்விட்டதா, இல்லை உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறதா? அவர் தேடியது அதைத்தான். தூங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அது விழித்திருக்கிற கோழிகளாகப் பார்த்துக் குஞ்சு எடுக்கலாம், உங்கள் ஷெட்டில் இந்தச் சாவு இருக்காது என்றார். எனக்கும் ஆசை பிறந்தது.

அதற்கு அடைக்கோழியின் ஈரல் வேண்டும். எங்கள் பக்கத்து நாட்டுக்கோழியெல்லாம் பண்ணைச் சேவலோடு கலந்துபோனவை. அவருக்குக் கலப்பில்லாதது வேண்டும். மலைமேல் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ப்பவை அப்படிப்பட்டவை என்று எங்கெங்கோ அலைந்து விலைக்கு வாங்கி, கூடைகளிலிருந்து தூக்கி, குடுவையை நிறைத்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு கோழி குறைந்தது. அந்த ஒன்று இல்லாவிட்டால் ஒப்பிட்டுச் சொல்ல ஆதாரம் போதாதாம். அந்த வாரமே எல்லாவற்றையும் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். ஆராய்ச்சித் திட்டம் முடிகிறது, அதற்குமேல் ஒரு நாள்கூடத் தரமாட்டார்கள். "இது விட்டுப்போனா இத்தனை வருஷமும் வெறுதே, வீணாப் போயிடும்" என்று என் அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

எனக்குப் பேச்சியம்மாள் ஞாபகம் வந்தது. எங்கள் ஷெட்டில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள், கல்யாணமாகி, மூணாறுக்கு அந்தப்பக்கம் சூரியநெல்லித் தோட்டத்துக்குப் போனவள். போன் போட்டேன்.

"செவலக் கோழி ஒண்ணு அடை உக்காந்திருக்குக்கா. டாக்டரம்மாவுக்குன்னா எடுத்துக்கிட வேண்டியதுதான். எத்தனை மட்டம் எனக்குக் காய்ச்ச மாத்திரை குடுத்திருக்காக" என்றாள்.

விடியற்காலையில் என் காரில் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். காரில் மட்டும் அவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அதனால் கால்கள் ஆடிக்கொண்டே வந்தன. உடுமலை தாண்டி, சின்னார்க் காடு தாண்டி, மறையூர் ஏறி, மூணாறு வந்தோம். மாட்டுப்பட்டி அணையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். குடுவையை மடியில் அணைத்துக்கொண்டு, "புகை தீர்றதுக்குள்ள போகணும்" என்றார். இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

பேச்சியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள். லயத்து வாசலில் ஒரு கோழியைக் காலில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தாள். செவலைக் கோழிதான். தொப்பலாக நனைந்து, இறகெல்லாம் ஒட்டி, வெடவெடவென்று நின்றது. மூக்கில் குறுக்கே ஒரு இறகு செருகியிருந்தது.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அடையைக் கலைப்பதற்கு ஊரில் செய்கிற வேலை அது. கோழியைத் தொட்டியில் முக்கி, மூக்கில் இறகு செருகி, காற்றில் கட்டிப்போட்டால் இரண்டு மூன்று நாளில் அடைக்குணம் போய் மறுபடி முட்டைக்குத் தயாராகும்; அப்புறம் அதன் ஈரல் அவருக்கு உதவாது.

"எத்தனை தூரத்துலருந்து வாரீக, மூஞ்சியத் தூக்கிட்டு உக்காந்திருக்க கோழியவா குடுக்கது? அதான் நேத்தே முக்கி எடுத்துச் சுறுசுறுப்பாக்கி வச்சிருக்கேன். முட்டையெல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிக்குக் கீழ வச்சாச்சு" என்றாள் பேச்சியம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடைக்கோழிய அறுத்தாப் பாவம்லா டாக்டரம்மா. உங்களுக்கு அந்தப் பாவம் வேண்டாம்னுதான்" என்றாள்.

அவர் வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பக்கத்து வீட்டுக் கோழியை எட்டிப் பார்த்தார். பண்ணைக் கலப்பு, உதவாது. திரும்ப வந்தார். நல்லது செய்தவளை எப்படித் திட்டுவது? அந்தக் கோழி பாவமாக நிற்பதைச் சகிக்காமல் நான்தான் கயிற்றை அவிழ்த்து, மூக்கிலிருந்த இறகையும் உருவிப் போட்டேன்.

கோழி உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. நேராக வீட்டுக்குள் போயிற்று. அடுப்பு மூலையில் வெறும் வைக்கோலோடு இருந்த கூடையில் ஏறி, இல்லாத முட்டையை அலகால் தள்ளிச் சரிசெய்துவிட்டு, இறகை விரித்து உட்கார்ந்துகொண்டது.

மூன்று பேரும் வாசற்படியில் நின்று பார்த்தோம். அவர் மெல்ல உள்ளே போய்க் கையை நீட்டினார். கோழி உப்பிக்கொண்டு கர்ரென்று உறுமியது. "போகலை. அடை போகலை" என்றார். கை பைக்குள் கத்தியைத் தேடிப் போயிற்று.

பேச்சியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "இனி முடியாதும்மா. திரும்பி உக்காந்துட்டுல்லா. இனி அது தாய்தான்."

"முட்டையே இல்லையே பேச்சி."

"இல்லன்னு அதுக்குத் தெரியாதுல்லா."

நான் பேச்சியம்மாளைக் கெஞ்சினேன். என் ஷெட்டின் கதையைச் சொன்னேன். அவளும் அங்கே செத்த கோழிகளைப் பொறுக்கியவள்தான். "சரி. நீங்களா எழுப்பாதீக. அதுவே தீவனம் திங்க எந்திரிச்சு வாசலுக்கு வந்துதுன்னா, அது அடை இல்ல, வெறுங்கோழி. எடுத்துக்கிடுங்க" என்றாள்.

அடைக்கோழி நாளுக்கு ஒரு தரம்தான் எழும். தின்று, குடித்து, எச்சமிட்டு, உடனே திரும்பிவிடும். அப்படி எழுந்த நேரத்தில் எடுத்தாலும் அது அடைக்கோழியின் ஈரல்தான். அவருக்கு அது போதும். ஆனால் எப்போது எழும் என்று யாருக்குத் தெரியும்? இருட்டுவதற்குள் நாங்கள் காட்டைத் தாண்ட வேண்டும். நடமாடினால் கோழி மிரண்டு எழாது. அதனால் அவர் கவிழ்த்து வைத்த வாளி ஒன்றை இழுத்துப் போட்டு, குடுவையைக் காலடியில் வைத்து, கூடைக்கு எதிரே உட்கார்ந்தார்.

ஆமாம், உட்கார்ந்தார். முதலில் முதுகு நேராக இருந்தது, விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. கோழி அவரைப் பார்த்தது, அவர் கோழியைப் பார்த்தார். வெளியே தேயிலைக்கு மேல் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் அரிசியையும் தண்ணீரையும் வாசலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்திக்கொண்டாள். தாளம் மெதுவாகி நின்றது. முதுகு சுவரில் சாய்ந்தது. தலை ஒரு பக்கம் சரிந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் தூங்கிப்போனார்.

அதற்கு அப்புறம்தான் கோழி எழுந்தது.

கூடையை விட்டு இறங்கி, காலை ஒவ்வொன்றாக நீட்டி முறித்து, அவர் செருப்பைத் தாண்டி வாசலுக்கு வந்தது. படிக்குப் பக்கத்தில் எச்சமிட்டது. அடைக்கோழியின் எச்சம் நாற்றம் வேறு, அளவு வேறு. பிறகு அவசர அவசரமாக அரிசி பொறுக்கியது. என் கை அவர் தோளுக்குப் போயிற்று. ஒரு தட்டுத் தட்டினால் போதும். வருஷக்கணக்கான வேலை முடியும், என் ஷெட்டுக்கும் ஒரு பதில் கிடைக்கும். பேச்சியம்மாள் என்னைத் தடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என் கையையே பார்த்தாள். தூங்குகிற அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. களைத்துப்போன, வயசான முகம். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கோழிக்காக இல்லை, அவருக்காகத்தான்.

கோழி தண்ணீர் குடித்துத் தலையை உதறிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

நெடுநேரம் கழித்து விழித்தார். பதறி எழுந்தார். "எழுந்துதா?"

"இல்லீங்" என்றேன்.

அவர் கூடையைப் பார்த்தார். சிந்திக் கிடந்த அரிசியைப் பார்த்தார். வாசற்படிக்குப் பக்கத்தில் கிடந்த எச்சத்தைப் பார்த்தார். ஒரு துளி ரத்தத்தை வைத்துக் கதை சொல்கிறவருக்கு அது தெரியாமலா போகும்? பிறகு, "ஷெரி. கிளம்பலாம், காடு தாண்டணுமே" என்றார். எதுவும் போடாத குடுவையை வாசலுக்கு எடுத்துப்போய்த் திறந்து கவிழ்த்தார். வெள்ளைப் புகை செம்மண்ணில் தவழ்ந்து ஓடியது. மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் கத்திக்கொண்டு சிதறின. நாங்கள் காரில் ஏறும்போது பேச்சியம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து முட்டைகளை முந்தானையில் ஏந்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

வழியெல்லாம் அவர் கால் ஆடவில்லை. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. மறையூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். நான் டம்ளர்களை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"எவ்வளவு நேரம் எழுந்திருந்தது?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ஒரு கை அரிசி தின்னு, தண்ணி குடிக்கிற நேரமுங்."

"யாராவது விரட்டினேளா?"

"இல்லீங். அதுவாத்தான் திரும்பிப் போச்சு."

"வெறும் வைக்கோலுக்கு" என்றார்.

"ஆமாங்."

தலையை ஆட்டிக்கொண்டார். டீயை மிச்சமில்லாமல் குடித்து முடித்தார். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காடு தாண்ட வேண்டுமே என்று நான் எழுந்தேன்.

"சித்தெ உக்காருங்கோ" என்றார். "இன்னொரு டீ சொல்லுங்கோ."